அரை அங்குல வானொலி

கம்பியில்லாத் தந்தி என்னும் வித்தை உலகில் தோன்றிய நாளில், அதன் பெருமை முழுவதும் அது கடந்த தூரத்தைக் கொண்டே அளக்கப்பட்டது. 1895-ஆம் ஆண்டில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் பலர் கூடிய சபையில், இடையே சுவர் நிற்க, அப்பால் இருந்த மணியை மின்காந்த அலைகளைக் கொண்டே ஒலிக்கச் செய்தார். 1901-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மார்க்கோனி, அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் கீழ்க்கரையிலிருந்து புறப்பட்ட சமிக்ஞையை மேல்கரையில் கேட்டதாக உலகுக்கு அறிவித்தார். அதன் பின்னர் கப்பலுக்கும் கப்பலுக்கும், கண்டத்துக்கும் கண்டத்துக்கும், இறுதியில் பூமிக்கும் தொலைவிண்வெளியில் செல்லும் கலங்களுக்கும் இடையே அந்த அலைகள் தூது சென்றன. இவ்வளவு நெடிய யாத்திரை செய்யவல்ல அலைகளை மனிதன் மிகக் குறுகிய ஒரு பயணத்துக்கும் ஏவியிருக்கிறான். அந்தப் பயணத்தின் தூரம் அரை அங்குலத்துக்கும் குறைவு. காதின் பின்புறத்துத் தோலின் கனம் எவ்வளவோ அவ்வளவே. அந்த அரை அங்குலத்தைக் கடக்கும் அலைதான், கேட்கும் திறன் இன்றிப் பிறந்த குழந்தையை மொழியின் உலகத்துக்குள் அழைத்து வருகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், திருக்கோவிலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் மார்க்கத்தில் தென்பெண்ணையின் கரையில் அமைந்த மணலூர்பேட்டை ஒரு சிறு பேரூராட்சி. மேற்கே கல்வராயன் மலைத்தொடர். சென்னை மாநகரமோ சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பால். இத்தகைய ஊர்களிலும் இக்காலத்தில் காக்ளியர் இம்பிளாண்ட் பொருத்திய குழந்தைகள் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். காதின் மேல் கொக்கிபோட்டு மாட்டிய ஒரு சிறு பெட்டி, அதிலிருந்து மேலேறும் மெல்லிய கேபிள், அதன் நுனியில், தலைமுடிக்கு நடுவே, கட்டோ பசையோ இல்லாமல் ஒட்டி நிற்கும் வட்டத் தகடு: இவ்வளவே புறத்தே தெரிவது. தகட்டைப் பிடித்து நிறுத்துவது தோலுக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருக்கும் இரண்டு காந்தங்கள். பெற்றோர் இதை ‘மெஷின்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். அந்த எளிய பெயருக்குள் அடங்கியிருக்கும் மின்னணு நுட்பத்தையும், அந்த நுட்பம் பயன் தருவதற்கு நாம் செய்ய வேண்டிய கடமையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் செவியின் இயல்பை அறிதல் வேண்டும். வெளிக்காதும் செவிப்பறையும் மூன்று சிற்றெலும்புகளும் ஒலியின் அதிர்வை ஏந்திச் சென்று காக்ளியா என்னும் நத்தைச் சுருளிடம் ஒப்படைக்கின்றன. விரித்தால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளமே உள்ள அச்சுருளின் உட்புறத்தில் சுமார் 3,500 உள்மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றி, ஏறத்தாழ 30,000 இழைகளைக் கொண்ட செவி நரம்பிடம் சேர்ப்பிக்கும் பணி அவற்றினுடையது. கீச்சொலி சுருளின் அடிப்பகுதியையும், கனத்த ஒலி அதன் உச்சிப் பகுதியையும் தூண்டும் என்ற கிரமத்தை ஆராய்ந்து காட்டிய ஜார்ஜ் வான் பெக்கெஸி 1961-இல் நோபல் பரிசு பெற்றார். பிறவிச் செவிடு என்று நாம் சொல்லும் நிலையில் பெரும்பாலும் பழுதுபட்டிருப்பவை இந்த மயிர்ச் செல்களே. அவற்றுக்குப் பின்னால் நரம்பு உயிரோடு காத்திருக்கிறது. சாதாரணக் காது மெஷின் ஒலியை உரக்கச் செய்யும். ஆனால் அதனை ஏற்பதற்குச் செல்களே இல்லாதபோது எவ்வளவு உரக்கச் செய்தும் பிரயோஜனமில்லை. ஆகவே, மயிர்ச் செல்களை விட்டுவிட்டு நேரே நரம்பையே மின்சாரத்தால் தொட்டால் என்ன என்ற கேள்வி பிறந்தது.

அக்கேள்விக்கு முதல் விடை பாரிஸ் நகரில் கிடைத்தது. 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி, சார்லஸ் எய்ரியே என்ற காது வைத்தியர், ஆந்த்ரே ஜூர்னோ என்ற உடலியல் அறிஞர் அமைத்துக் கொடுத்த கம்பிச்சுருளை ஒரு நோயாளியின் தலைக்குள் வைத்து, வெளியே வேறொரு சுருளைப் பிடித்துத் தூண்டினார். அந்த மனிதருக்குச் சுவர்க்கோழியின் ஒலியை ஒத்த ஏதோ கேட்டது, சொற்கள் விளங்கவில்லை, கருவியும் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் கம்பி எதுவும் தோலைத் துளைக்காமல் மின்சமிக்ஞை உள்ளே சென்றது என்ற செய்தி நிலைத்தது. 1961-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வில்லியம் ஹவுஸ் தம் முயற்சியைத் தொடங்கினார். 1977-இன் இறுதியில் வியன்னாவில் இங்கபோர்க் ஹோக்மேயரும் எர்வின் ஹோக்மேயரும், 1978 ஆகஸ்டில் மெல்பர்னில் கிரேம் கிளார்க்கும், ஒரே மின்முனைக்குப் பதிலாகப் பல மின்முனைகள் கொண்ட கருவிகளை மனிதருக்குள் வைத்தார்கள். கிளார்க்கின் தந்தை காது கேளாத மருந்துக்கடைக்காரர். கடற்கரையில் கண்டெடுத்த சிப்பியின் சுருளுக்குள் புல்லின் தாளைச் செலுத்திப் பார்த்துத்தான், அடியில் விறைப்பும் நுனியில் வளைவும் உள்ள இழையே காக்ளியாவுக்குள் வழுவாமல் ஏறும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

இங்கே வாசகர் ஒன்றைக் கேட்கலாம்: நரம்பருகே மின்முனைகளை வைத்த பின், அவற்றிலிருந்து ஒரு கம்பியை வெளியே கொண்டுவந்து கருவியோடு இணைத்துவிட்டால் காரியம் எளிதாகாதோ? அவ்வாறும் செய்து பார்த்தார்கள். தோலைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த செருகியுடன் சிலர் பல ஆண்டுகள் வாழ்ந்ததும் உண்டு. ஆனால் தோல் என்பது சரீரத்தின் மதிற்சுவர். அதில் நிரந்தரமாக ஒரு வாசலைத் திறந்து வைத்தால் அவ்வழியே கிருமிகள் புகும். புகுந்தவை மூளையுறை வரை செல்ல வெகுதூரம் இல்லை. உள்ளேயே பேட்டரி வைப்பதிலும் தடை உண்டு. ஒரு வயதில் பொருத்தும் கருவி எழுபது எண்பது ஆண்டு உழைக்க வேண்டும். எந்தப் பேட்டரியும் அத்தனை காலம் தாங்காது. மாற்ற வேண்டும்போதெல்லாம் ரணசிகிச்சை செய்வது தகாது. ஆதலின் தோலையும் திறக்கக் கூடாது, உள்ளே பேட்டரியும் இருக்கக் கூடாது. அப்படியிருக்க, பேச்சைச் சுமக்கும் செய்தியும் அதனைச் செயலாக்கும் சக்தியும் சேர்ந்தே தோலைக் கடக்க வேண்டும். இந்த நிர்ப்பந்தத்திலிருந்தே அரை அங்குல வானொலி பிறந்தது.

அதன் அடிப்படை 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல். ஒரு சுருளில் மாறிமாறி ஓடும் மின்னோட்டம் தன்னைச் சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை எழுப்பும். அப்புலத்துக்குள் வேறொரு சுருளை வைத்தால், தொடாமலேயே அதில் மின்னோட்டம் பிறக்கும். தெருமுனையில் மின்வாரியம் நிறுத்தியிருக்கும் டிரான்ஸ்பார்மரில் நடைபெறுவதும் இதுவே. அங்கே இரு சுருள்களையும் இரும்பு இணைக்கிறது, இங்கே இடையில் இருப்பது குழந்தையின் தோலும் சதையும். அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் சரீரம் உப்புநீர் நிறைந்தது. அதிர்வெண் மிகமிக உயர்ந்தால் அந்த நீர் அலையின் சக்தியை விழுங்கிவிடும். மிகத் தாழ்ந்தால் சுருள் பெரிதாகிவிடும், வினாடிக்கு அனுப்பக்கூடிய செய்தியும் குறைந்துவிடும். ஆகவே 5 மெகாஹெர்ட்ஸ், 12 மெகாஹெர்ட்ஸ் என்று சிற்றலை வானொலியை ஒட்டிய அதிர்வெண்களைப் பெரும்பாலான கருவிகள் கைக்கொள்கின்றன. 49 மெகாஹெர்ட்ஸில் இயங்குவனவும் உண்டு. இந்தப் புலம் தூரத்தின் கன அளவில் தேய்ந்துபோகும். அதாவது தூரம் இரட்டித்தால் வலிமை எட்டில் ஒரு பங்காகும். ஆதலால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு குழந்தைகளின் கருவிகள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. தவறி ஒருவரது மெஷினை மற்றவர் மாட்டிக்கொண்டாலும், உள்கருவியின் அடையாள எண்ணைச் சரிபார்த்த பின்னரே பேசத் தொடங்கும் ஏற்பாடு இக்காலத்துக் கருவிகளில் செய்யப்பட்டிருக்கிறது.

ஒரு சொல்லின் பயணத்தைக் கூர்ந்து பார்ப்போம். தாய் குழந்தையிடம் ‘சோறு’ என்கிறாள். காதின்மேல் உள்ள பெட்டியின் ஒலிவாங்கி அந்த அதிர்வை மின்னோட்டமாக்குகிறது. அது வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. அந்த எண்களைப் பெட்டிக்குள்ளிருக்கும் சில்லு, தாழ்ந்த அதிர்வெண் தொடங்கி உயர்ந்தது வரை, பன்னிரண்டு முதல் இருபத்திரண்டு வரையிலான பட்டைகளாகப் பிரிக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் சீறும் ஒலி உயர்ந்த பட்டைகளில் மட்டும் தென்படும். ஆதலால் காக்ளியாவின் அடிப்பகுதியிலுள்ள மின்முனைகளுக்குக் கட்டளை செல்கிறது. அடுத்து வரும் ஓகாரத்தின் பலம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் உச்சியை நெருங்கிய முனைகள் விழித்துக்கொள்கின்றன. பின்னர் நாக்கு மேலண்ணத்தைத் தட்டும் கணத்தில் எல்லாப் பட்டைகளும் சற்றே தணிந்து மீண்டும் எழுகின்றன. எந்த முனை, எவ்வளவு மின்னோட்டம், எந்தக் கணம் என்பவை சங்கேத எண்களாகி, வெளிச்சுருளின் அலையில் ஏற்றப்பட்டுத் தோலைக் கடக்கின்றன. தாயின் உதடு மூடுமுன்பே அச்சொல்லின் முற்பகுதி குழந்தையின் நரம்பைத் தொட்டுவிடுகிறது.

உள்ளே அந்த அலையை வரவேற்கும் கருவி, தோலுக்கடியில் மண்டையோட்டு எலும்பின்மேல் அமர்ந்திருக்கிறது. வரும் அலையின் ஒரு பகுதியை அது நேர்மின்னோட்டமாக மாற்றி, சின்னஞ்சிறு மின்தேக்கியில் சேமித்துத் தன் ஆகாரமாகக் கொள்கிறது. அதே அலையில் ஏறி வந்த சங்கேதத்தைப் பிரித்துப் படித்து, பிழை நேர்ந்திருக்கிறதா என்று சரிபார்த்து, பிழையுள்ள கட்டளையைத் தள்ளிவிட்டு, சரியானதை மட்டும் நிறைவேற்றுகிறது. சரீரத்தின் உப்புநீர் உள்ளே கசியாதிருக்கும் பொருட்டு மின்சுற்றுகள் டைட்டானியக் கூட்டுக்குள் முத்திரையிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. உலோகக் கூடு அலையைத் தடுத்துவிடும் என்பதால் சுருளைக் கூட்டுக்கு வெளியே சிலிக்கோன் உறையில் பதித்திருக்கிறார்கள். காக்ளியாவுக்குள் செல்லும் மின்முனைகள் அரிப்புக்கு எளிதில் இடங்கொடாத பிளாட்டினத்தால் ஆனவை. நேர்மின்னோட்டம் சிறிதளவு தொடர்ந்து கசிந்தாலும் நீரைப் பகுத்து நரம்பைக் கெடுத்துவிடும். ஆதலால் ஒவ்வொரு துடிப்பும் முதலில் ஒரு திசையிலும், உடனே அதே அளவில் எதிர்த்திசையிலும் செலுத்தப்படுகிறது. முன் சென்ற மின்னூட்டம் முழுதும் திரும்பப் பெறப்படுவதால், ஓர் ஆயுட்காலம் தூண்டினாலும் நரம்பு பழுதடையாமல் காக்கப்படுகிறது.

இந்த வானொலி ஒருவழிப் பாதையன்று. உள்கருவி வெளியே பதில் சொல்லவும் வல்லது. ஆனால் அதற்கெனத் தனியாக அலைபரப்பி எதுவும் உள்ளே இல்லை. தான் உண்ணும் சக்தியைச் சற்றே கூட்டியும் குறைத்தும் அது பேசுகிறது. கிணற்றுக்குள் வாளி நிறைந்ததா இல்லையா என்பதைக் கயிற்றைப் பிடித்திருக்கும் கை குனிந்து பாராமலே உணர்ந்துகொள்வதுபோல, உள்ளே ஏறி இறங்கும் பளுவை வெளிச்சுருள் உணர்ந்துகொள்கிறது. இந்த உபாயத்தால் ஒவ்வொரு மின்முனையும் நல்ல நிலையில் இருக்கிறதா, எங்கேனும் இணைப்பு அறுந்திருக்கிறதா, தூண்டிய மறுகணம் நரம்பு தன் மறுமொழியை எழுப்பியதா என்பவற்றை எல்லாம் வைத்தியர் அறுவை அரங்கிலேயே தெரிந்துகொள்கிறார். மயக்கத்தில் கிடக்கும் ஒரு வயதுக் குழந்தை ‘கேட்கிறது’ என்று சொல்ல முடியாது. அதன் சார்பில் நரம்பே சாட்சி சொல்லுகிறது.

பல மின்முனைகள் வந்த பின்னரும் பேச்சு தெளிவாகாமல் நெடுநாள் தடுமாறியதுண்டு. ஒரே சமயத்தில் பல முனைகள் இயங்கினால், அவற்றின் மின்னோட்டங்கள் காக்ளியாவின் நீரில் ஒன்றோடொன்று கலந்து, ஒலிகளின் வேறுபாட்டை அழித்துவிடும். அமெரிக்கப் பொறியாளர் பிளேக் வில்சன், முனைகளை ஒருங்கே இயக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக, ஆனால் மிகுந்த வேகத்தோடு இயக்கும் முறையை வகுத்து, 1991-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். எந்த இரு முனைகளும் ஒரே கணத்தில் பேசுவதில்லை. வினாடிக்குப் பல்லாயிரம் துடிப்புகள் முறைவைத்து ஓடுகின்றன. அதுமுதல், உதட்டசைவைப் பாராமலே பேச்சைப் புரிந்துகொள்வது பெரும்பாலோர்க்குக் கைகூடியது. கிளார்க், இங்கபோர்க் ஹோக்மேயர், வில்சன் ஆகிய மூவருக்கும் 2013-ஆம் ஆண்டின் லாஸ்கர் விருது அளிக்கப்பட்டது முற்றிலும் தகும்.

இக்கருவி தமிழை எப்படிக் கேட்கும் என்பது நம்மவர் ஆராயத்தக்க பொருள். ‘படம்’, ‘பாடம்’ என்ற சொற்களை வேறுபடுத்துவது மாத்திரை; ஒலி நீடிக்கும் கால அளவைக் கருவி செவ்வனே சுமந்து செல்வதால் குறில் நெடில் வேறுபாடு எளிதில் விளங்கும். ‘தலை’, ‘தளை’, ‘தழை’ என்பவற்றை வேறுபடுத்துவதோ, நாக்கின் நுனி எங்கே தொடுகிறது, எவ்வளவு வளைகிறது என்பதனால் உயர்ந்த அதிர்வெண்களில் உண்டாகும் நுண்ணிய மாறுதல். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செல்கள் செய்ய வேண்டியதை இருபது சொச்சம் முனைகள் செய்யும்போது அந்த நுட்பம் மங்கிவிடும். குழந்தை இடமும் பொருளும் நோக்கித்தான் அச்சொற்களைப் பிரித்தறியப் பழக வேண்டும். இசையிலும் இவ்வாறே. தை மாதம் ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது மணலூர்பேட்டை ஆற்றங்கரையில் கூடும் ஜனத்திரளின் நடுவே, கருவி பொருத்திய ஒரு குழந்தை தவிலின் தாளத்தை நன்கு கேட்கும். நாதஸ்வரத்தின் ராகமோ, சுருதியின் நெளிவுகளை இழந்து அதன் நரம்பை அடையும். ஆரவாரத்தின் இடையே தாயின் குரலைத் தனியே பிரித்தறிவதும் அதற்குச் சிரமமே. கருவி தருவது இயற்கைச் செவியன்று. மொழி கற்கப் போதுமான செவி. இந்த அளவை அறிந்து கொண்டாடுவதே நேர்மை.

உடலுக்குள் இருந்து அலையால் பேசுவது செவிக்கருவி மட்டுமன்று. உடலுக்குள் வைக்கும் மின்னணுக் கருவிகளில் மூத்தவற்றுள் ஒன்று இருதயத் துடிப்பை முறைப்படுத்தும் பேஸ்மேக்கர். 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் ரூனே எல்ம்க்விஸ்ட் அமைத்த கருவியை ஓகே சென்னிங் ஆர்னே லார்சன் என்பவரின் உடலில் பொருத்தினார். அதன் பேட்டரிக்கும் வெளியிலிருந்து காந்தத் தூண்டலாலேயே சக்தி ஏற்றப்பட்டது. முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. எனினும் அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளின் துணையால் லார்சன் 2001 வரை வாழ்ந்து, தம்மைக் காத்த பொறியாளர், வைத்தியர் இருவருக்கும் பின்னரே காலமானார். இன்றைய பேஸ்மேக்கர் தன் லித்தியம் பேட்டரியைக் கொண்டு பத்தாண்டு அளவில் இயங்கும்; செய்தி அனுப்ப மட்டுமே அதற்கு வானொலி வேண்டும். அதற்கென 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை உலகெங்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டிலும் இப்பட்டையில் இயங்கும் வைத்தியக் கருவிகளுக்குத் தனி அனுமதிப் பத்திரம் வேண்டியதில்லை. அலைபரப்பின் உச்சவரம்பு 25 மைக்ரோவாட். கால்வாட்டில் இயங்கும் கைபேசியோடு ஒப்பிட்டால் பதினாயிரத்தில் ஒரு பங்கு. சில அடி தூரத்தில் உள்ள பெட்டிக்கு எட்டினால் போதும் என்பதாலும், ஒவ்வொரு துளி பேட்டரியையும் நோயாளியின் ஆயுள் சார்ந்திருக்கிறது என்பதாலும் இந்தச் சிக்கனம்.

அலை வழியே நன்மை செல்லும் வாசலில் தீமையும் நுழையக்கூடும் என்பதையும் மறைக்கலாகாது. 2008-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், இருதயத்துக்கு அதிர்ச்சி தரும் ஒரு வகைக் கருவியின் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்கவும் அதன் அமைப்பை மாற்றவும் முடியும் என்பதைச் சோதனைச்சாலையில் நிரூபித்தார்கள். அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த டிக் செனியின் வைத்தியர், அவரது கருவியின் வானொலியை 2007-இலேயே முடக்கி வைத்திருந்தார். 2017-இல் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களின் மென்பொருளைப் பாதுகாப்பின் பொருட்டுப் புதுப்பிக்க நேர்ந்தது. இதற்காக எவரும் அச்சங்கொண்டு சிகிச்சையை மறுக்க வேண்டியதில்லை. அதனால் உயிர் பிழைப்பவர் லட்சக்கணக்கானோர். ஆனால் சரீரத்துக்குள் வைக்கும் கருவியைச் செய்பவர்கள், அதன் பூட்டையும் சாவியையும் முதலிலேயே எண்ணிச் செய்ய வேண்டும்.

மீண்டும் செவிக்கருவிக்கு வருவோம். இவ்வளவு விலையுயர்ந்த சாதனம் தென்பெண்ணைக் கரையில் விவசாயக் கூலி வேலை செய்பவரின் குழந்தைக்கு எப்படிக் கிடைக்கிறது? கருவியின் விலை லட்சக்கணக்கில். எளிய குடும்பத்தால் நினைத்தும் பார்க்க இயலாத தொகை. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இச்சிகிச்சையைக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றி அளிக்கிறது. மத்திய அரசின் ‘அடிப்’ திட்டமும் இதற்கு உதவுகிறது. சென்னையில் மோகன் காமேஸ்வரன் போன்ற வைத்தியர்கள் இத்துறையில் நெடுங்காலம் உழைத்து வருகிறார்கள். டாக்டர் அப்துல் கலாமின் தூண்டுதலால் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமும் நம் நாட்டிலேயே குறைந்த விலையில் இக்கருவியைச் செய்ய முற்பட்டது. கருவிகள் வருமுன்பே, 1969 முதல், சென்னையிலுள்ள பால வித்யாலயா பள்ளி காது கேளாத மழலைகளுக்குப் பேச்சைக் கற்பிக்கும் அரும்பணியைச் செய்து வருவதையும் இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும். பணத்தின் தடையை இவ்வாறு நம் மாநிலம் பெருமளவு கடந்துவிட்டது. காலத்தின் தடையும் தூரத்தின் தடையுமே மீதி நிற்கின்றன.

காலத்தின் தடை கொடியது. மூளையில் ஒலிக்கென ஒதுக்கப்பட்ட பகுதி, ஒலி வராத நிலையில் வெறுமனே காத்திருப்பதில்லை. பார்வை முதலிய மற்ற இந்திரியங்கள் அவ்விடத்தை மெல்ல எடுத்துக்கொள்கின்றன. ஏறத்தாழ மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்திய குழந்தைகளின் மூளை, ஒலிக்கு இயல்பான வேகத்தில் மறுமொழி தருவதையும், ஏழு வயதுக்குப் பின் பொருத்தியவர்களிடம் அது பெரும்பாலும் கைகூடாததையும் அனு சர்மா என்னும் அறிஞரின் ஆராய்ச்சிகள் காட்டின. நம் வீடுகளிலோ, ‘அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான், ஆம்பளப் பிள்ளை அப்படித்தான்’ என்று பாட்டிமார் ஆறுதல் சொல்வார்கள். அன்பினால் சொல்லும் சொல்தான்; ஆனால் அந்த ஆறுதலில் கழியும் இரண்டாண்டுகள் திரும்பி வாரா. பிறந்த சில நாட்களிலேயே தூங்கும் குழந்தையின் காதில் சிறு குமிழை வைத்து, வலியின்றிச் சில நிமிடங்களில் ஓ.ஏ.இ. என்னும் செவிச் சோதனை செய்யலாம், ஐயம் இருந்தால் ‘பெரா’ என்னும் அடுத்த சோதனை உறுதி சொல்லும். சொந்தத்தில் மணம் முடித்தவர்களின் குழந்தைகளும், குறைமாதத்தில் பிறந்தவர்களும், கடும் மஞ்சள் காமாலையோ மூளைக்காய்ச்சலோ கண்டவர்களும் இச்சோதனையிலிருந்து ஒருபோதும் தவறலாகாது.

தூரத்தின் தடை, அறுவை முடிந்த பிறகே தன் முழு உருவத்தைக் காட்டும். சில வாரங்கள் கழித்துக் கருவியை இயக்கி வைக்கும் நாளில் குழந்தை பேசிவிடுவதில்லை. பெரும்பாலும் திடுக்கிட்டு அழுகிறது. அன்று முதல் ஒவ்வொரு மின்முனைக்கும், கேட்கத் தொடங்கும் அளவு எது, இதமாகத் தாங்கும் உச்ச அளவு எது என்று கணித்து அமைக்கும் ‘மேப்பிங்’ என்னும் பணி பலமுறை நடக்க வேண்டும். பேச்சுப் பயிற்சி ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். இவற்றுக்கிடையே கேபிள் அறுந்துபோகும். வியர்வை நுழைந்து ஒலிவாங்கி மங்கும். இரண்டு மூன்று நாளில் பேட்டரி தீரும். ஒரு கேபிள் அறுந்தால், லட்சங்கள் செலவிட்டுப் பொருத்திய உள்கருவி ஊமையாகிவிடுகிறது. குழந்தையும் அன்றே மீண்டும் மௌனத்துக்குள் செல்கிறது. கூலிக்குச் செல்லும் தாய் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறி, நகரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். வெள்ளிமலைக்கும் அப்பாலுள்ள கல்வராயன் மலைக் குக்கிராமத்துக் குழந்தைக்கு இந்த வழி இன்னும் நீளமானது. கைபேசிச் சமிக்ஞை சரிவர எட்டாத அந்த மலையிலும் அதன் தலையிலுள்ள அரை அங்குல வானொலி கோபுரத்தின் தயவின்றித் தவறாமல் இயங்கும். அதற்கு வேண்டிய பேட்டரியும் பயிற்சியும்தான் மலையேறி வரக் காணோம் என்ற நிலை நேர்ந்தால், அது விஞ்ஞானத்தின் குற்றமாகாது.

பரிகாரம் நம் கைக்கு எட்டாத ஒன்றன்று. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி சிறுவங்கூரில் இருக்கிறது. குழந்தைகளின் பிறவிக் குறைகளை முன்னரே கண்டறிவதற்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் என்ற ஏற்பாடும் நாட்டில் உண்டு. மேப்பிங் பணியைத் தொலைவிலிருந்தே, இணைய வழியாக நகரத்து நிபுணர் செய்ய முடியும் என்பது பல நாடுகளில் நிரூபணமாகியிருக்கிறது. அதற்கு வேண்டுவது மாவட்டத் தலைநகரில் பயிற்சி பெற்ற ஓர் உதவியாளரும் நம்பகமான இணையத் தொடர்பும். கேபிளும் பேட்டரியும் உள்ளூரிலேயே கிடைக்க வழி செய்வதும், அங்கன்வாடி ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் இக்கருவியைக் கையாளக் கற்பிப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. கருவி பொருந்தாத குழந்தைகளும், அதனை விரும்பாத குடும்பங்களும் இருப்பார்கள். அவர்களுக்குச் சைகை மொழியை முழு மதிப்போடு கற்பிக்கும் கடமையும் இதனுடன் சேர்ந்ததே.

ஆகவே, இதனை வாசிக்கும் அன்பர்களை வேண்டிக்கொள்வது இதுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பிறந்த குழந்தை, தட்டு விழும் ஓசைக்குத் திடுக்கிடாவிட்டால், பெயர் சொல்லி அழைத்தும் ஆறு ஏழு மாதத்தில் திரும்பிப் பார்க்காவிட்டால், ஒரு வயது நிறைந்தும் ‘அம்மா’ என்னாவிட்டால், எவருடைய ஆறுதலையும் கேட்டு நாளைக் கடத்தாமல் அந்த வாரமே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று செவியைச் சோதியுங்கள். கருவி பொருத்திய குழந்தை உங்கள் ஊரில் இருந்தால், அதன் எதிரே நின்று, தெளிவாக, நிதானமாக, நாள்தோறும் பேசுங்கள். அதுவே அதற்குச் சிறந்த பயிற்சி. பொறுப்பில் உள்ளவர்கள், அறுவைகளின் எண்ணிக்கையோடு, அறுவைக்குப் பின் ஐந்தாண்டு கழிந்தும் கருவியை அணிந்து பேசிக்கொண்டிருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் மாவட்டந்தோறும் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். திட்டத்தின் வெற்றியை அளக்கத் தக்க அளவுகோல் அதுவே.